கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னால்: அரிதான நோய்களில் கேட்க வேண்டியதும் செய்ய வேண்டியதும்

“புள்ளைங்க பெத்தாச்சுங்க, இனி அது எதுக்குங்க, எடுத்தர்லாமுங்க.” கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்தில் பெண்கள் நோய் ஓ.பி.யில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. கூட வந்தவர்கள் சொல்வார்கள். மாதக்கணக்கில் ரத்தம் போய்ச் சலித்துப்போன பெண்ணே சொல்வதும் உண்டு. சாதாரண நார்க்கட்டிக்கும் (ஃபைப்ராய்டு) மாதவிடாய்க் கோளாறுக்கும் மாத்திரை, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம், கட்டியை மட்டும் எடுப்பது என்று வேறு வழிகள் உண்டு. தேவையில்லாமல் கர்ப்பப்பையை எடுப்பதைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2022-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை மாநிலங்கள் மூன்று மாதத்துக்குள் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்றது.

இங்கே எழுதுவது அந்தச் சாதாரண நோய்களைப் பற்றி அல்ல. கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வரக்கூடிய, ஆனால் எல்லா டாக்டரும் அடிக்கடி பார்க்காத நோய்களைப் பற்றி. இவற்றில் ஆபரேஷன் ஒரு பங்கு வேலைதான். முதல் பங்கு, கத்தி வைக்கும் முன்னால் நோயின் பெயரைக் கண்டுபிடிப்பது. கடைசிப் பங்கு, எடுத்த சதையைப் பரிசோதித்து வரும் ரிப்போர்ட். ஒரே கர்ப்பப்பையை ஒரு நோயில் துண்டு போட்டு எடுக்கலாம், இன்னொன்றில் துண்டு போட்டால் உயிருக்கே ஆபத்து. ஒரு நோயில் சினைப்பையைக் காப்பாற்ற வேண்டும், இன்னொன்றில் அதையும் சேர்த்து எடுக்க வேண்டும். பெயர் தெரியாமல் இதையெல்லாம் முடிவு செய்ய முடியாது.

முதலில் பெயர்

“கட்டி இருக்குது, எடுத்தரோணும்” என்பது நோயின் பெயர் அல்ல. டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: “நோவுக்குப் பேரு என்னங்க? சீட்டுல எழுதிக் குடுங்க. வேற என்னவா இருக்க வாய்ப்பு இருக்குதுங்க? முழுசா எடுப்பீங்களா, துண்டு போட்டு எடுப்பீங்களா? சினைப்பையை வெக்கறீங்களா, எடுக்கறீங்களா? சதையை எந்த லேபுக்கு அனுப்பறீங்க?” இந்த ஐந்துக்கும் பதில் கிடைத்த பிறகு தேதி குறிக்கலாம். உயிர் போகும் அளவுக்கு ரத்தம் போகிறது, கர்ப்பப்பை கிழிந்துவிட்டது என்றால் மட்டும் கேள்வி கேட்டு நேரம் கடத்தக் கூடாது.

பரிசோதனைக்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் வயிற்றின் மேலாகவும் உள்வழியாகவும் ஸ்கேன். கர்ப்பப்பை வாயில் புற்று அறிகுறி தேடும் பாப் ஸ்மியர் அல்லது எச்.பி.வி. சோதனை. முறையில்லாத ரத்தப்போக்கு இருந்தால், அதிலும் 45 வயதைத் தாண்டியிருந்தால், கர்ப்பப்பை உள்சவ்வில் சிறு துணுக்கு எடுத்துச் சதைப் பரிசோதனை. மாதவிடாய் நின்றபின் ஒரு துளி ரத்தம் பட்டாலும் இந்தச் சோதனை இல்லாமல் ஆபரேஷனுக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். உள்ளே புற்று இருந்து, அது தெரியாமல் சாதாரண முறையில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டால், மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டி வரலாம். கட்டி வழக்கத்துக்கு மாறாகத் தெரிந்தால் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் தாளை மட்டும் வாங்கி வராமல் படங்கள் உள்ள சி.டி.யையும் கேட்டு வாங்குங்கள். அடுத்த டாக்டருக்குத் தாளைவிடப் படம்தான் முக்கியம்.

நஞ்சுக்கொடி கர்ப்பப்பைச் சுவருக்குள் புதைந்தால்

சிசேரியன் பெருகிய பிறகு பெருகிய நோய் இது. இங்கே சொல்பவற்றிலேயே அதிகம் பயப்பட வேண்டியதும், அதிகம் தயாராக முடிந்ததும் இதுதான். பழைய சிசேரியன் தழும்பின் மேல் நஞ்சு ஒட்டினால், தழும்பில் தடுப்புச் சவ்வு இல்லாததால் வேர் விடுவதுபோல் தசைக்குள் இறங்கிவிடும். சில பேருக்குச் சுவரைத் துளைத்துச் சிறுநீர்ப்பை வரை போகும்.

நஞ்சு கீழிறங்கிக் கர்ப்பப்பை வாயை மூடியிருந்து, ஏற்கெனவே ஒரு சிசேரியன் ஆனவர் என்றால், இப்படிப் புதையும் வாய்ப்பு சுமார் 11 சதவீதம். இரண்டு சிசேரியன் ஆகியிருந்தால் 40 சதவீதம். ஆகவே முன்பு சிசேரியன் ஆனவர்கள், 5-ஆம் மாத ஸ்கேன் எடுக்கும்போதே “நஞ்சு பழைய தையல் மேல இருக்குதுங்களா?” என்று கேட்டுவிட வேண்டும். ஆம் என்றால் 28, 32-ஆவது வாரங்களில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரோடு மறு ஸ்கேன். நஞ்சில் கரையான் அரித்ததுபோல் ஓட்டை ஓட்டையாகக் கருப்பாகத் தெரிவதும், நஞ்சுக்கும் கர்ப்பப்பைத் தசைக்கும் நடுவே இருக்க வேண்டிய மெல்லிய கோடு மறைவதும், சிறுநீர்ப்பையின் சுவர்க்கோடு அறுந்து தெரிவதும் அடையாளங்கள். பின்பக்கச் சுவரில் நஞ்சு இருந்தால் ஸ்கேனில் சரியாகத் தெரியாது. அப்போது எம்.ஆர்.ஐ. உதவும்.

உறுதியானால் பிரசவத்தை 34-இலிருந்து 36 வாரத்துக்குள் திட்டமிட்டு வைப்பார்கள். குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கு முன்கூட்டியே ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இடம் முக்கியம்: ரத்த வங்கி, மயக்க மருந்து டாக்டர்கள், சிறுநீரக அறுவை நிபுணர், பச்சிளங்குழந்தை ஐ.சி.யு. எல்லாம் ஒரே கட்டடத்தில் இருக்க வேண்டும். கோவை, பெருந்துறை, சேலம் போன்ற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளை நாடுவது இதற்காகத்தான். தாளவாடியிலிருந்து வருபவர் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவையும், வால்பாறையிலிருந்து வருபவர் 40 வளைவையும் இறங்க வேண்டும். ரத்தம் போகத் தொடங்கியபின் அந்தச் சாலையில் இறங்குவதைப் பற்றி யோசிக்கவே கூடாது. 32 வாரம் ஆனதும் கீழே ஒறம்பரை வீட்டிலோ ஆஸ்பத்திரியிலோ வந்து தங்கிவிடுவது நல்லது. ஒரு முறையாவது ரத்தம் பட்டிருந்தால் அதற்கும் முன்பே.

ஆபரேஷன் நடக்கும் விதம் குடும்பத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். நஞ்சு இல்லாத இடத்தில், பெரும்பாலும் கர்ப்பப்பையின் மேற்பகுதியில், வெட்டி குழந்தையை எடுப்பார்கள். தொப்புள்கொடியைக் கட்டிவிட்டு நஞ்சைத் தொடாமலே கர்ப்பப்பையைத் தைத்து மூடுவார்கள். பிறகு நஞ்சு உள்ளேயே இருக்கக் கர்ப்பப்பையை எடுப்பார்கள். ஏன் நஞ்சைத் தொடக் கூடாது? நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லி ரத்தம் ஓடுகிறது. புதைந்த நஞ்சை இழுத்தால் அத்தனை வாயும் திறந்துகொள்ளும். கர்ப்பிணியின் உடம்பிலுள்ள மொத்த ரத்தமே சுமார் 6 லிட்டர்தான். பத்து நிமிடக் கணக்கு அது. இந்த நோயில் நடக்கும் பெரிய விபத்துகளின் அடிப்படை, நோய் தெரியாமல் நஞ்சைக் கையால் பிரிக்க முயல்வது.

ரத்தம் குறைந்தது 4 முதல் 6 யூனிட் பொருத்திப் பார்த்து எடுத்து வைத்திருக்க வேண்டும், இன்னும் கேட்டால் கிடைக்கும் நிலையும் வேண்டும். நெகட்டிவ் வகை என்றால் இரண்டு மூன்று வாரம் முன்பே ரத்த வங்கியில் சொல்லி வைக்க வேண்டும். சிவப்பணு மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் ரத்தம் உறையாது. பிளாஸ்மாவும் தட்டணுவும் கூடவே வேண்டும். ரத்தம் கொடுக்க வரும் மச்சான், மாமன், பங்காளி எல்லாரும் ஆபரேஷன் அன்று காலையில் வந்தால் பயனில்லை. எடுத்த ரத்தத்தைச் சோதித்துப் பிரிக்க நேரம் வேண்டும். இரண்டு நாள் முன்பே வரச் சொல்லுங்கள். இந்த நோயில் சினைப்பையை எடுக்கத் தேவையில்லை.

நார்க்கட்டி என்று நினைத்தது நார்க்கட்டியாக இல்லாவிட்டால்

கர்ப்பப்பைத் தசையில் வரும் புற்று, சார்கோமா, ஸ்கேனில் நார்க்கட்டி மாதிரியே இருக்கும். அரிதுதான். ஆனால் நார்க்கட்டி என்று நினைத்து ஆபரேஷன் செய்துகொள்ளும் பெண்களில் சுமார் 350 பேரில் ஒருவருக்கு மறைந்த சார்கோமா இருக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-இல் கணக்கிட்டுச் சொன்னது. லேப்ராஸ்கோப்பியில் கட்டியைச் சுழல் கத்தியால் துண்டாக்கி வெளியே எடுக்கும் மார்செலேட்டர் கருவிக்கு எதிராக அது எச்சரித்ததும் இதனால்தான். அந்தக் கருவி சுழலும்போது கடுகளவுத் துணுக்குகள் வயிறெங்கும் தெறிக்கும். புற்றாக இருந்தால் ஒரே இடத்தில் இருந்த நோய் அன்றே பரவிய நோயாகிவிடும். சாதாரண நார்க்கட்டியாக இருந்தாலும் தெறித்த துணுக்கு குடல் சவ்வில் ஒட்டி, சில வருடம் கழித்து அங்கே தனிக் கட்டியாக வளர்வது உண்டு.

சந்தேகப்பட வேண்டிய அறிகுறிகள்: மாதவிடாய் நின்ற பிறகும் கட்டி வளர்வது, சில மாதத்திலேயே வயிறு மேடு தட்டுவது, ஸ்கேனில் ஒற்றைப் பெரிய கட்டி நடுவே அழுகினதுபோல் தெரிவது, ரத்தத்தில் எல்.டி.ஹெச். என்ற நொதியின் அளவு கூடியிருப்பது. உள்சவ்வில் எடுக்கும் சதைப் பரிசோதனை நன்றாக வந்ததால் சார்கோமா இல்லை என்று முடிவு கட்ட முடியாது. நோய் தசைக்குள் இருக்கிறது, சுரண்டுவது சவ்வைத்தான். சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுத்து, கர்ப்பப்பையை முழுசாக, கட்டி கிழியாமல் வெளியே எடுக்க வேண்டும். பெரிய கட்டி என்றால் வயிற்றில் நீளமான தழும்பு விழும். விழட்டும். “சின்ன ஓட்டை போட்டு ரெண்டு நாள்ல வீட்டுக்கு அனுப்பிருவாங்க” என்பது நல்ல விஷயம்தான், சரியான நோய்க்கு. லேப்ராஸ்கோப்பிதான் என்றால், கட்டியை எப்படி வெளியே கொண்டுவருவார்கள், பைக்குள் வைத்து எடுப்பார்களா என்று கேளுங்கள். கீழ்வழியாக எடுத்தாலும் பெரிய கர்ப்பப்பையைப் பிளந்துதான் எடுப்பார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

இதற்கு அண்டையில் இன்னொரு விநோதம் உண்டு. புற்று அல்லாத நார்க்கட்டியே ரத்தக்குழாய்க்குள் புழுவைப்போல் நீண்டு, இடுப்பு நாளத்திலிருந்து பெரிய நாளம் வழியாக இதயத்தின் வலது அறை வரை போய்விடும். நடந்தால் மயக்கம், மூச்சு வாங்கல், இரண்டு காலிலும் வீக்கம் என்று வருவார்கள். எக்கோவில் இதயத்துக்குள் ஏதோ ஆடுவது தெரியும். ரத்தக்கட்டி என்று நினைத்து ரத்தம் இளக்கும் மருந்து கொடுத்துக்கொண்டிருப்பது இங்கே நடக்கும் தவறு. நார்க்கட்டி இருக்கிற பெண்ணுக்கும், முன்பே நார்க்கட்டிக்காகக் கர்ப்பப்பை எடுத்த பெண்ணுக்கும் இப்படி வந்தால், மார்பிலிருந்து இடுப்பு வரை மருந்து ஏற்றிய சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். பெண்கள் நோய் நிபுணரோடு இதய அறுவை நிபுணரும் தியேட்டரில் இருக்க வேண்டிய ஆபரேஷன் இது. சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனால் வளரும் கட்டி என்பதால் சினைப்பையும் சேர்த்து எடுப்பது வழக்கம்.

வயிறு வீங்கினால் எல்லாம் சினைப்பைப் புற்று அல்ல

வயிற்றில் நீர், ரத்தத்தில் புற்றுக் குறியீடான சி.ஏ.125 சில நூறுகளில், ஸ்கேனில் சினைப்பை ஓரம் கட்டி. பார்த்ததும் புற்று, எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்று தோன்றும். நம் நாட்டில் இதே படத்தைக் காட்டும் இன்னொரு நோய் வயிற்றுக் காசநோய். அதற்கு ஆபரேஷனே வேண்டாம். ஆறு மாத மாத்திரை, அதுவும் அரசு மருத்துவமனையில் இலவசம். ஆகவே வயிற்று நீரை எடுத்து, காசநோயில் கூடும் ஏ.டி.ஏ. என்ற நொதியின் அளவும், செல் சோதனையும், காசநோய்க் கிருமிக்கான சி.பி.நாட் சோதனையும் பார்க்க வேண்டும். ஏ.டி.ஏ. 40-ஐ ஒட்டியோ தாண்டியோ இருந்தால் காசநோய் சந்தேகம் பலமாகும். சி.பி.நாட் நெகட்டிவ் என்று வந்தாலும் வயிற்றுக் காசநோய் இல்லை என்று தள்ள முடியாது. தேவைப்பட்டால் லேப்ராஸ்கோப்பியில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்துவிடலாம். சின்ன வயதுப் பெண்ணுக்குக் கர்ப்பப்பையும் சினைப்பையும் போனபிறகு ரிப்போர்ட்டில் காசநோய் என்று வருவதைவிட வேதனை வேறில்லை.

அடுத்தது வயிறு நிறைய ஜெல்லி. குடல்வால் கட்டி உடைந்து, சளி சுரக்கும் செல்கள் வயிறு முழுக்கப் பரவுவதால் வருவது. பெண்களுக்கு அது சினைப்பைக் கட்டியாகத் தோற்றம் காட்டும். பாவாடை நாடா மாதாமாதம் இறுகுவது, புதிதாகத் தொப்புளில் குடலிறக்கம் தள்ளுவது, ஊசி போட்டு நீரெடுக்கப் பார்த்தால் ஒன்றும் வராமல் பிசின்போல் ஒட்டுவது அடையாளம். சி.டி. ஸ்கேனோடு ரத்தத்தில் சி.இ.ஏ., சி.ஏ.19-9, சி.ஏ.125 என்ற புற்றுக் குறியீடுகளைப் பார்ப்பார்கள். சிகிச்சை, ஜெல்லி ஒட்டிய சவ்வுகளையும் குடல்வாலையும் கர்ப்பப்பை, சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டு, 41–42 டிகிரி செல்சியஸ் சூட்டில் கீமோ மருந்துக் கரைசலை வயிற்றுக்குள் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் சுற்றவிடுவது. காலையில் தொடங்கினால் பொழுதுக்கும் நடக்கும். இதைப் பழகிய புற்றுநோய் மையத்தில்தான் செய்ய வேண்டும். சினைப்பைக் கட்டி என்று திறந்து எதிர்பாராமல் ஜெல்லியைப் பார்த்தால், ஒரு துணுக்கு எடுத்துக்கொண்டு மூடிவிட்டு அனுப்புவதே சரியான முடிவு. “தொறந்துட்டு ஒண்ணுமே செய்யாம மூடிட்டாங்க” என்று டாக்டரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். பாதி எடுத்து வைத்தால் அடுத்த ஆபரேஷன் தழும்புக்கு நடுவே தடவ வேண்டியதாகிவிடும்.

பொதுவாக, நீரை ஊசியில் எடுப்பது வேறு, சினைப்பைக் கட்டியைக் குத்திச் சோதிப்பது வேறு. இரண்டாவதைப் புற்று சந்தேகத்தில் செய்யக் கூடாது. கட்டி வழிந்தால் நோய் பரவும்.

முத்துப்பிள்ளை கர்ப்பம்

கருவுக்குப் பதில் திராட்சைக் கொத்துபோல் நஞ்சு மட்டும் வளர்வது. உறிஞ்சி எடுப்பதே முதல் சிகிச்சை. 40 வயதைத் தாண்டியவர்கள், குழந்தை போதும் என்றவர்களுக்குக் கர்ப்பப்பையையே எடுப்பதும் ஒரு வழி. இதில் வழுக்கும் இடம் ஆபரேஷனுக்குப் பிறகு. எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோனுக்கான ரத்தச் சோதனைக்குக் கூப்பிட்டால், “கர்ப்பப்பையே இல்லீங்க, அப்பறம் எதுக்குங்க கர்ப்ப டெஸ்ட்டு?” என்று வராமல் இருந்துவிடுகிறார்கள். கர்ப்பப்பை போனாலும், முன்பே ரத்தத்தில் கலந்து நுரையீரலில் போய் உட்கார்ந்த செல் அங்கே வளரலாம். 100-க்கு 3 முதல் 5 பேருக்கு அப்படி நேர்கிறது. வாரா வாரம் எச்.சி.ஜி. பார்த்து, மூன்று முறை தொடர்ந்து இயல்பானால், பிறகு டாக்டர் சொல்லும் மாதக்கணக்கு வரை மாதம் ஒருமுறை. ஒவ்வொரு தடவையும் ஒரே லேபில் பாருங்கள். லேபுக்கு லேப் அளவு மாறும். மூன்று வாரமாக இறங்காமல் நின்றாலோ, இரண்டு வாரம் தொடர்ந்து ஏறினாலோ கீமோ தொடங்க வேண்டும். பரவாத நிலையில் தொடங்கினால் ஏறக்குறைய எல்லாருக்கும் குணமாகும் புற்று இது. வாரச் சோதனையை விட்டுவிட்டு உயிரைத் தொலைப்பதற்கான நோயே அல்ல. நஞ்சு பதிந்த இடத்திலேயே தோன்றும் இன்னொரு அபூர்வ வகை கீமோவுக்கு அவ்வளவாகப் படியாது. அதற்குத்தான் கர்ப்பப்பை அகற்றுவது முதன்மைச் சிகிச்சை.

மற்ற இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் டி அண்ட் சி செய்தபின் திடீர் திடீரென்று குழாய் திறந்ததுபோல் ரத்தம் கொட்டினால், மறுபடி டி அண்ட் சி செய்யும் முன் டாப்ளர் ஸ்கேன் வேண்டும். உள்ளே ரத்தநாளங்கள் சிக்கிப் பின்னியிருந்தால் சுரண்டுவது உயிருக்கு ஆபத்து. நாளத்தைக் கம்பி வழியாக அடைக்கும் சிகிச்சை உண்டு, அதற்கும் நிற்காவிட்டால்தான் கர்ப்பப்பை. இன்னொன்று, 70 வயது அம்மிச்சிக்குக் காய்ச்சலோடு வயிறு பலகைபோல் விறைத்தால், குடல் ஓட்டை என்று மட்டும் நினைக்காமல் கர்ப்பப்பைக்குள் சீழ் கட்டி உடைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சீழ் உடையாமல் இருந்தால் வடித்துவிட்டு, கர்ப்பப்பை வாய் ஏன் அடைத்தது, உள்ளே புற்றா என்று சதைப் பரிசோதனை.

உடம்பைத் தயார் செய்வது

ஹீமோகுளோபின் 10-க்கு மேல் இருக்கட்டும். பேரீச்சம்பழமும் பீட்ரூட்டும் சாப்பிட்டு, 7-ஆக இருப்பது மூன்று வாரத்தில் 10 ஆகாது. இரும்பு மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தாலே நன்றாக உடம்பில் சேரும். டீ, காபி, ராகிக் களி, பால் இவற்றுக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எலுமிச்சைச் சாறோடு எடுத்தால் நல்லது. நேரம் குறைவென்றால் நரம்பில் ஏற்றும் இரும்பு ஊசி. அதுவும் வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் பிடிக்கும், முந்தின நாள் போட்டுப் பயனில்லை.

சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒன்று முக்கியம்: டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரையை ஆபரேஷனுக்கு 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். சர்க்கரை சரியாக இருந்தும் ரத்தம் அமிலமாகும் ஆபத்து அதில் உண்டு. எந்த மாத்திரை என்று தெரியாவிட்டால் அட்டையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். ரத்தம் இளக்கும் மாத்திரையைத் தானாக நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் இருக்கவும் கூடாது. திட உணவுக்கும் பால் காபிக்கும் 6 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம் இடைவெளி. வீட்டில் பிளேடு வைத்து மழித்துக்கொண்டு போக வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி சேரும்.

சினைப்பை: மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு, புற்று இல்லாத நோயில், சினைப்பை நன்றாக இருந்தால் வைத்துக்கொள்வதே நல்லது. 45-க்கு முன் எடுத்தால் எலும்பும் இதயமும் சீக்கிரம் கெடும். எடுத்தே ஆக வேண்டியிருந்தால், இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயதான 50 வரை ஹார்மோன் மாத்திரை தேவைப்படும். ஆனால் ஈஸ்ட்ரோஜனால் வளரும் சில அரிய கட்டிகளில் அந்த மாத்திரையே நோயைத் திரும்ப அழைத்துவிடும். இதனால்தான் பெயர், பெயர் என்று சொல்கிறோம்.

செலவுக்கு: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் வைத்துக்கொண்டு, கலெக்டர் அலுவலக மையத்தில் அட்டை வாங்கிவிட்டு அட்மிட் ஆகுங்கள். முன் அனுமதி வந்த பிறகுதான் திட்டத்தில் ஆபரேஷன். பனியன் கம்பெனியில், மில்லில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் அந்த வழியையும் கேட்டுப் பாருங்கள்.

அந்த டப்பா

சின்ன ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷன் முடிந்ததும் நர்ஸ் வெளியே வந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கையில் கொடுத்து, “இதை லேப்ல குடுத்துட்டு வந்துருங்க” என்பார். வாங்கும் பையனுக்கு அது என்ன என்று பார்க்கவே மனசு வராது. வண்டி டிக்கியில் போட்டுக்கொண்டு, நடுவில் மருந்துக்கடை, சாப்பாடு என்று சுற்றிவிட்டு, அடுத்த நாள் கொடுப்பார். அந்த டப்பாவில்தான் சிகிச்சையின் கடைசிப் பங்கு இருக்கிறது. நின்று பாருங்கள்.

வாய் அகன்ற டப்பாவாக இருக்க வேண்டும். குறுகிய வாயில் திணித்தால் சதை நசுங்கும், சதையை அழுகாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் விறைத்தபின் வெளியே வராது. ஃபார்மலின், சதையைப்போல் பத்து மடங்கு இருப்பது சரி. அரை கிலோ கர்ப்பப்பையை ஒரு டம்ளர் ஃபார்மலினில் போட்டால் வெளியே மட்டும் வெந்து உள்ளே அழுகும். மணிக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் ஆழம்தான் அது ஊறும். ஆகவே பெரிய கர்ப்பப்பையை டாக்டரோ லேபோ முறைப்படி பிளந்து வைக்க வேண்டும். கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்பிரிட், வெறும் சலைன், ஃபிரிட்ஜ் ஃப்ரீசர் எதுவும் இதற்கு மாற்று அல்ல. சார்கோமாவா, சாதாரண நார்க்கட்டியா என்று சொல்ல, பிரிந்துகொண்டிருக்கும் செல்களை மைக்ரோஸ்கோப்பில் எண்ண வேண்டும். அழுகிய சதையில் அந்த எண்ணிக்கை தப்பும்.

பெயர், வயது, ஆஸ்பத்திரி எண், எந்த உறுப்பு, தேதி எல்லாம் மூடியில் அல்ல, டப்பாவின் உடலில் ஒட்டியிருக்க வேண்டும். மூடி மாறிவிடும். கூடக் கொடுக்கும் சீட்டில் அறிகுறியும் ஸ்கேன் முடிவும் எழுதியிருக்க வேண்டும். “கர்ப்பப்பை” என்று ஒரு சொல் மட்டும் எழுதியிருந்தால் திருப்பிக் கொடுத்து எழுதி வாங்குங்கள். அதே நாளில் கொடுத்து ரசீது வாங்குங்கள். மூடியை இறுக்குங்கள், அந்தப் புகை கண்ணையும் மூக்கையும் எரிக்கும். ஆபரேஷனில் வேறு துணுக்கு எதுவும் எடுத்திருந்தால் அது தனி டப்பாவில் வர வேண்டும்.

வீட்டுக்கு வந்தபின்

முதல் நாளிலிருந்தே நடக்க வேண்டும். படுத்தே கிடந்தால் கால் நரம்பில் ரத்தம் உறையும். ஆறு வாரத்துக்கு 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. தண்ணீர் நிறைந்த பிளாஸ்டிக் குடம் 15 கிலோ, பால் கேன் 10 கிலோ, புல்லுக்கட்டைச் சொல்லவே வேண்டாம். மாடு இருக்கும் வீட்டில் கறவைக்கு ஆளை முன்பே ஏற்பாடு செய்யுங்கள். “உக்காந்துதான கறக்கப் போறேன்” என்பது ஏமாற்று, குத்தவைத்து எழுவதே தையலை இழுக்கும். வாய்க்காலிலும் கிணற்றிலும் இறங்கிக் குளிக்காமல் ஊற்றிக் குளிக்க வேண்டும். தாம்பத்யம் டாக்டர் உள்ளே பார்த்துத் தையல் ஆறியது என்று சொன்னபின், பொதுவாக 6 முதல் 8 வாரம் கழித்து. மலச்சிக்கலை விடாமல் தண்ணீர், கீரை, தேவைப்பட்டால் மருந்து.

பத்து நாள் வாக்கில் லேசாக ரத்தம் படுவது தையல் கரைவதால். ஒரு மணிக்கு ஒரு பேடு நனைந்தால் 108. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால் அன்றே போக வேண்டும். வாந்தியோடு வயிறு உப்பி, காற்றும் பிரியவில்லை என்றால் குடல் நின்றிருக்கிறது.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்றிரண்டு வாரம் கழித்து, தெளிந்த நீர் இரவும் பகலும் தானாக ஒழுகினால் அதை வெள்ளைப்படுதல் என்று விட்டுவிடக் கூடாது. கர்ப்பப்பை நாளத்துக்கு அடியிலேயே சிறுநீர்க்குழாய் போகிறது. கட்டும்போதோ சுடும்போதோ அடிபட்டால், அந்த இடம் செத்து ஓட்டையாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதனால்தான் டிஸ்சார்ஜ் ஆகும்போது தெரிவதில்லை. ஈரத்தில் மோந்து பார்த்தால் சிறுநீர் வாடை இருக்கும். விலாவில் வலியும் காய்ச்சலும் சேரலாம். ஒழுகும் நீரில் கிரியேட்டினின் பார்த்தால் உறுதியாகிவிடும். வெட்கப்பட்டுத் துணி மாற்றிக்கொண்டே மாதக்கணக்கில் இருக்கும் பெண்கள் உண்டு. இது சரிசெய்யக்கூடியது, சீக்கிரம் போனால் சில பேருக்குக் குழாய் வைத்தே ஆறிவிடும்.

ரிப்போர்ட் வாங்கும் நாள்

ஒரு வாரம், பத்து நாளில் வரும். தையல் பிரித்தாயிற்று, நன்றாக நடக்கிறார் என்பதால் அதை லேபிலேயே விட்டுவிடாதீர்கள். வாங்கி, ஆபரேஷன் செய்த டாக்டரே படித்துச் சொல்லட்டும். ஆபரேஷனுக்கு முன் சீட்டில் எழுதித் தந்த பெயரும் ரிப்போர்ட்டின் கடைசி வரியும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். வேறாக இருந்தால், புற்று என்றோ சந்தேகம் என்றோ இருந்தால், வேறொரு நோயியல் நிபுணரிடம் மறுபார்வை கேளுங்கள். அரிய கட்டிகளில் கண் மாறினால் பெயர் மாறுவது உண்டு. அதற்கு ரிப்போர்ட் தாள் போதாது. ஸ்லைடுகளும், சதையை மெழுகில் பதித்த பிளாக்குகளும் வேண்டும். லேபில் எழுதிக் கொடுத்துக் கேட்டால் தருவார்கள். செல்லின் வகையைச் சாயமிட்டுப் பார்க்கும் இம்யூனோ சோதனைக்கு பிளாக்தான் தேவை. எத்தனை பிளாக், எத்தனை ஸ்லைடு, ஒவ்வொன்றின் எண் என்ன என்று எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அடையாறு புற்றுநோய் மையத்துக்கோ வேலூருக்கோ கொண்டு போவதானால், ஸ்லைடை உடையாத பெட்டியில், பிளாக்கைத் தனி பிளாஸ்டிக் கவரில் வைத்துக் கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள். பிளாக்கின் மெழுகு 60 டிகிரி வாக்கில் உருகும், அதற்கு முன்பே இளகும். கரூர் வெயிலில் நிறுத்திய காரின் முன் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.